ரமோன் கணக்கில் ஏறிய நடைகள்

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் துருவிய தேங்காய்ப் பொட்டலங்கள் எப்போதும் நாலைந்து கிடக்கும். அவற்றில் ரப்பர்பேண்டு சுற்றிய ஒன்றை மட்டும் யாரும் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்பது இந்தக் கோடையில் எங்கள் வீட்டுச் சட்டம். அது ரமோனின் தோளுக்கு. ஆட்டம் முடிந்து வந்ததும் அந்தப் பொட்டலத்தை வலது தோளில் கவிழ்த்து, மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிடுவான். நெட்டையன். அவன் காலை நீட்டினால் எதிரே உட்கார்ந்திருக்கும் என் கணவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். வந்த முதல் நாள் ஐஸ் இருக்கிறதா என்று கேட்டான். எங்கள் வீட்டில் ஐஸ் ஏது? சளி பிடிக்கும் என்று ஐஸ் தட்டையே எடுத்துப் பரணில் போட்டவள் நான். அவனே ஃப்ரீசரைத் துழாவிப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். மேலிருந்த படத்தைப் பார்த்து "கோகோ!" என்று சிரித்தான். தேங்காய்க்கு அவன் பாஷையில் அதுதான் பெயர். அவன் ஊரில் மீனைத் தேங்காய்ப் பாலில்தான் வேகவைப்பார்களாம். அவன் டொமினிக்கன் நாட்டுக்காரன். அந்த நாடு எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நான் வரைபடத்தில் தேடினேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நாங்கள் இருப்பது சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். காரிமங்கலத்தைவிடக் கொஞ்சம் பெரிது, தருமபுரியைவிட ரொம்பச் சின்னது. இந்த ஊருக்கென்று ஒரு பேஸ்பால் அணி உண்டு. டிவியில் காட்டுகிற பெரிய அணி இல்லை, அதற்கு நாலு படி கீழே. ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கிற சம்பளம் வாடகைக்கே காணாது என்பதால், கோடை முழுவதும் ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒருவரை வீட்டில் தங்கவைத்துக்கொள்வார்கள். நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். கூட வேலை செய்கிற லிண்டா என்ற அம்மாள், "உங்கள் வீட்டு பேஸ்மென்ட் சும்மாத்தானே கிடக்கிறது, ஒரு பையனை வைத்துக்கொள்கிறாயா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். நான் ஆட்டியது, வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்கிற ஆட்டல். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை ஒரு பெரிய பையோடு ரமோன் வாசலில் நிற்கிறான். வந்தவனைப் போ என்றா சொல்ல முடியும்? காலணியை வெளியே விடு என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து அவன் என்னை ‘டோன்யா’ என்று கூப்பிட்டான். அவர்கள் பாஷையில் மூத்த பெண்ணுக்குக் கொடுக்கிற மரியாதை அது. நான் அதை அக்கா என்றே கேட்டுக்கொண்டேன்.

அவன் வேலை ரிலீஃப் பிட்சர். ஆட்டத்தின் பெரும்பகுதியில் அவனுக்கு வேலையே கிடையாது. மைதானத்தின் ஓரத்தில் கம்பி வலைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பூசணி விதை கொரித்துக்கொண்டிருப்பான். கடைசியில், எல்லாம் சிக்கலாகிப் போன நேரத்தில், போ என்று அனுப்புவார்கள். நம் ஊர்க் கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போடுகிறவனைப் போல. மட்டைக்காரனுக்கு எதிரே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜன்னல் உண்டு. பந்து அதற்குள் போக வேண்டும். நான்கு முறை ஜன்னலுக்கு வெளியே போய்விட்டால், மட்டைக்காரன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் தளத்துக்கு நிதானமாக நடந்து போகலாம். ஓட வேண்டாம், அடிக்க வேண்டாம். அதற்குப் பெயர் வாக். சும்மா நின்றவனைப் பார்த்து ஜனங்கள் "நல்ல கண்ணு!" என்று கைதட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் கண்ணு என்றாலே மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவோம், இங்கே அதற்குக் கைதட்டல். என் தம்பி சக்திவேலிடம் இதைச் சொன்னபோது அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அடங்கொப்புறானே! சும்மா நிக்கறவனுக்கு இப்படி ஒரு மரியாதையா? நல்லாருக்குதேக்கா அந்த ஊரு நாயம்" என்றான். வாக் என்ற சொல் அவன் வாயில் அன்றே ‘நட’ ஆகிவிட்டது. எங்கள் வீட்டிலும் அதற்குப் பிறகு நடைதான்.

சக்திவேல் காரிமங்கலத்தில் ஒரு பம்ப்செட் கடையில் வேலை பார்க்கிறான். காலையில் தக்காளித் தோட்டம், பிறகு கடை, ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். தண்ணீர் வற்றிய ஏரியில் ஆட்டம். ஸ்டம்புக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு செருப்பைப் போட்டுவிடுவார்கள். பந்து செருப்புக்கு வெளியே போனால் வைடு. கடைசி ஓவர் எப்போதும் இவனிடம்தான். வைடும் நிறையப் போடுவான் என்று கேள்வி. கேள்விதான், நான் பார்த்ததில்லை. பொம்பளைப் பிள்ளைகள் ஏரிப் பக்கம் ஆட்டம் பார்க்கப் போகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஒரே ஒரு தடவை, தருமபுரியில் காலேஜ் முடித்து டவுன் பஸ்ஸில் வரும்போது, ஜன்னல் வழியாக அவன் பந்து போட ஓடி வருவதைப் பார்த்தேன். சட்டை பின்னால் பறக்கிறது, இடது கை முன்னால் நீள்கிறது, அதற்குள் பஸ் திரும்பிவிட்டது. அந்தப் பந்து எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. ரமோன் இந்தக் கோடையில் இங்கே போட்ட ஒவ்வொரு பந்தும் எனக்குத் தெரியும். வேலையிலிருந்து நேரே மைதானத்துக்குப் போய், லிண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புளிசாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளை பரீட்சை எழுதுகிற மாதிரி நகத்தைக் கடித்தபடி பார்த்திருக்கிறேன். கூடப் பிறந்தவன் போட்டதில் ஒரு பந்துகூட முழுதாகப் பார்த்ததில்லை. இதை யோசிக்கும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கும், பிறகு அடுத்த ஆட்டத்துக்குக் கிளம்பிவிடுவேன்.

என் கணவருக்கு எதைக் கண்டாலும் எண்ணிக் கோடு போட வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறவர். ரமோன் பதினெட்டு வயதில் ஆரம்பித்ததிலிருந்து எந்தெந்த ஊரில், எந்தெந்த அணியில் ஆடினானோ எல்லாவற்றையும் இணையத்தில் தேடி, ஆட்டத்துக்கு எத்தனை நடை கொடுத்தான் என்று வருஷவாரியாக ஒரு படம் வரைந்தார். கோடு முதலில் எங்கேயோ உச்சாணியில் இருக்கிறது. கை நிறைய வேகம், கட்டுப்பாடு கிடையாது. வருஷம் ஆக ஆக இறங்குகிறது. நடுவில் ஒரு மேடு. "இங்கே என்ன ஆச்சு?" என்று கேட்டார். ரமோன் அந்த மேட்டை விரலால் தடவிப் பார்த்து, "மகள் பிறந்தாள். நான் அங்கே இல்லை" என்றான். மேட்டுக்குப் பிறகு கோடு மறுபடி இறங்கி, இந்தக் கோடையில் இதுவரை இல்லாத அளவு கீழே வந்திருந்தது. "ஒருத்தன் பந்தை அடிச்சா, பிடிக்கிறவன் நல்லா பிடிச்சானா, காத்து அடிச்சுதான்னு ஆயிரம் சாக்கு சொல்லலாம்" என்றார் இவர். "நடைக்கு மட்டும் சாக்கே கிடையாது. அது முழுக்க முழுக்கப் பந்து போட்டவன் கணக்குத்தான்." எவ்வளவு சரியாகச் சொல்கிறார் என்று நானும் மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரமோனுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. இந்த ஆட்டத்தில் அது கிழட்டு வயது. பெரிய அணி ஒன்றிலிருந்து ஓர் ஆள் ஜூலைக் கடைசியில் இவனைப் பார்க்க வரப்போகிறார் என்று சொல்லியிருந்தார்கள். அவருக்குப் பிடித்துவிட்டால் நல்ல ஒப்பந்தம், மனைவி மகளைக் கூப்பிட்டுக்கொள்கிற மாதிரி விசா. பிடிக்காமல் போய் இந்த அணியும் கழற்றிவிட்டால் விசா அன்றைக்கே செத்த மாதிரி, ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான். வேலையும் விசாவும் ஒரே ஆணியில் தொங்குகிற பிழைப்பு எப்படிப்பட்டது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சக்திவேல் கல்யாணத்தின்போது எங்கள் விசா புதுப்பித்தல் நடுவில் நின்றிருந்தது. இப்போது நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வருவது சந்தேகம் என்றார் வக்கீல். நான் போகவில்லை. எங்கள் பக்கத்தில் தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும், பின்னால் நிற்கிற அவன் அக்காளோ தங்கையோ மீதி இரண்டு முடிச்சைப் போட வேண்டும். என் இடத்தில் பெரியப்பா மகள் நின்று போட்டாள். யாரோ பிடித்திருந்த போனில் அவள் கையைப் பார்த்தேன். சக்திவேல் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்புறம் போனில் நாங்கள் பேசிக்கொண்டது மழை பெய்ததா, தக்காளி என்ன விலை, சாப்பிட்டாயா என்பவைதான்.

ரமோன் வந்த பிறகு அது மாறியது. இங்கே சாயங்கால ஆட்டம் என்றால் அங்கே விடியற்காலை. அணிக்காரர்கள் இணையத்தில் நேரலை காட்டுவார்கள். சக்திவேல் தோட்டத்து மேட்டில் உட்கார்ந்து போனில் ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் மோட்டாரைப் போடுவான். "அக்கா, அவன் ஒதட்டப் பாரு. நட குடுக்கப் போறான்னா ஒதட்ட உள்ள மடிச்சுக்குவான்" என்று எனக்குத் தெரியாததை அங்கிருந்து சொன்னான். வாரத்துக்கு ஒருமுறை பேசியவர்கள் தினமும் பேசினோம். ஒருநாள், "பெரிய டீமுக்குப் போயிட்டான்னா முனியப்பனுக்கு ஒரு கெடா வெட்டறேன்க்கா. வேண்டிக்கிட்டேன்" என்றான். முன்பின் பார்க்காத ஒருத்தனுக்காகக் கிடா வேண்டிக்கொள்கிற என் தம்பியை நினைத்துச் சிரித்தேன். கொஞ்ச நாளில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு சிநேகிதியின் அப்பா அம்மாவிடம் பருப்புப்பொடியோடு ஒரு காகித மடிப்பும் கொடுத்தனுப்பினான். முனியப்பன் காலடியில் வைத்து, விளக்கு எண்ணெயில் தொட்டு எடுத்த கருப்புக் கயிறு. அவனுக்கு ஒன்று, ரமோனுக்கு ஒன்று, ஒரே நூற்கண்டிலிருந்து நறுக்கியது.

கட்டும்போது தம்பியையும் வீடியோவில் வைத்துக்கொண்டேன். ரமோனை உட்காரவைத்துக் கையை நீட்டச் சொன்னேன். அவன் கயிற்றைப் பார்த்தான், வலது மணிக்கட்டைப் பார்த்தான், ஏதோ சொல்ல வந்து தயங்கினான். பிறகு சட்டைக்குள்ளிருந்து சிலுவைச் சங்கிலியை இழுத்துக் காட்டி, "டோன்யா, இங்கே? கழுத்தில்?" என்று கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கழுத்திலா! ஒரு கயிற்றை எடுத்துக் கழுத்தில் மூன்று முடிச்சுப் போடுவதென்றால் நம் ஊரில் அதற்கு என்ன பெயர்? அதுவும் பொம்பளை ஆம்பளைக்கு, கட்டிய புருஷன் எதிரிலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது! சக்திவேல் போனுக்குள் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, எழுந்து ஓடிடுங்க! அக்கா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கப் போவுது!" என்று கத்தினான். எனக்கு முகமெல்லாம் சூடு. "நோ, நோ. கழுத்து இல்லை. ஆம்பளைக்கு வலது கை. வலது கைதான்" என்று ரமோனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். ஏன் கழுத்து வேண்டும் என்றான் என்று நான் கேட்கவில்லை. அவனும் நாங்கள் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து, சரி, இவர்கள் சாமி விஷயம் என்று நினைத்திருப்பான். தோளைக் குலுக்கி, "ஓகே, டோன்யா" என்றான். நன்றாக இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டேன். "பரவால்லியே, முடிச்சு போட மறக்கல நீயி" என்றான் சக்திவேல். விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு ரமோன் எந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை கை வைத்த உள்சட்டை போட்டுக்கொண்டுதான் ஆடினான். தோளுக்குக் கதகதப்பு வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆட்டத்துக்குப் போகும் முன் கயிற்றை ஒருமுறை தொட்டுக்கொள்வான். நடை அபூர்வமாகிப் போனது. இவர் வரைந்த கோடு இன்னும் கீழே போயிற்று. "முனியப்பன் லேசுப்பட்டவன் இல்லக்கா" என்றான் சக்திவேல். கிடாவும் வாங்கிக் கட்டிவிட்டான். நான் லேபில் எல்லோரிடமும் எங்கள் சாமியின் மகிமையை அளந்துகொண்டிருந்தேன். அளந்தேனே, அந்த வாயைத் தைத்துப் போட்டிருக்கலாம்.

பெரிய அணியின் அந்த ஆள் பார்க்க வந்த சாயங்காலம் சரியான புழுக்கம். எல்லோரும் சட்டைக்கையை மடித்துவிட்டு நிற்க, ரமோன் ஒருவன் மட்டும் மணிக்கட்டு வரை மூடிக்கொண்டு வந்து நின்றான். ஆட்டம் சமநிலை, கடைசிக் கட்டம், முதல் தளத்தில் எதிரணி ஆள் ஒருவன் ஏற்கெனவே நிற்கிறான். முதல் ஆளைச் சுலபமாக வெளியேற்றினான். நான் எழுந்து நின்று கைதட்டினேன். அப்போது எதிரணிப் பயிற்சியாளர் மைதானத்துக்குள் வந்து அம்பயரிடம் ஏதோ சொல்லி, தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அம்பயர் ரமோனிடம் போனார். ரமோன் சட்டைக்கையை மெதுவாக மேலே தள்ளினான். கருப்புக் கயிறு எங்கள் இருக்கைக்கே தெரிந்தது. "அவன் கையில் என்ன அது?" என்றாள் லிண்டா. "பிட்சர் கையில் எதுவுமே கட்டக் கூடாதே! ஒரு பிளாஸ்திரிகூட ஆகாது. பந்தில் தடவ ஏதாவது மறைத்துவைத்திருக்கிறான் என்றல்லவா நினைப்பார்கள்?"

கழுத்தில் போட்டால்? என்று கேட்டேன். "கழுத்தில் என்ன, பாதிப் பேர் சங்கிலி போட்டிருக்கிறார்களே" என்றாள்.

நின்றிருந்தவள் உட்கார்ந்துவிட்டேன். அம்பயர் கயிற்றை விரலால் தேய்த்தார். பிறகு, ஊரே பார்க்க, அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அவிழ்க்கச் சொல்லியிருக்க வேண்டும். ரமோன் இடது கையால் முயன்றான், பல்லால் கடித்து இழுத்தான். வியர்வையில் நனைந்து ஊறிய முடிச்சு. நான் போட்டதாயிற்றே, அவ்வளவு லேசில் வருமா? கட்டுப் போடுகிற ஆள் கத்தரிக்கோலோடு ஓடி வந்து நறுக்கினார். ரமோன் அந்தத் துண்டைக் கீழே விடாமல் பின்பையில் திணித்தான். திணித்துவிட்டு எங்கள் பக்கம் ஒருதடவை பார்த்தான். கோபம் இல்லை. அடுப்பில் இருந்ததைக் கொட்டிவிட்ட பிள்ளை அம்மாவைப் பார்க்கிற பார்வை. நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவன் அந்தப் பார்வையில் என்னிடம் கேட்டான். பிறகு உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான்.

நான்கு பந்தும் வெளியே. ஒரு நடை. அடுத்தவனுக்கும் நடை. மூன்று தளத்திலும் ஆள் நிறைந்தது. அதற்குப் பிறகும் ஒரு நடை கொடுத்தான், நின்றவர்கள் எல்லோரும் ஒரு தளம் முன்னால் நகர, ஒருவன் மட்டையைக்கூட அசைக்காமல் ஒரு ரன் நடந்தே உள்ளே வந்தது. நல்ல கண்ணு, நல்ல கண்ணு என்று எதிர்ப்பக்கத்தில் ஒரே கைதட்டல். பார்க்க வந்திருந்த மனிதர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து போனார்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நான் சும்மா இருந்தேனா? ஆட்டம் முடிந்ததும் வேலி ஓரமாக ஓடி, எங்கள் அணியின் மேனேஜரைப் பிடித்தேன். அவன் மேல் தப்பில்லை, கட்டியது நான்தான், அது எங்கள் கோயில் கயிறு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "கயிற்றில் ஏதாவது தடவியிருந்ததா, மேடம்?" என்றார். ஆமாம், எண்ணெய்தான், சாமி விளக்கில் எரிகிற எண்ணெய், என்றேன். அவர் முகம் மாறுவதைப் பார்த்ததும் அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் அழுத்திச் சொன்னேன்: "இத்தனை நாளாக அவன் நன்றாகப் போட்டதே அதனால்தான்!" நம் ஊரில் யாருக்கு எது நன்றாக நடந்தாலும் சாமி பேரைச் சொல்வோம். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன்கூட எல்லாம் முனியப்பன் கிருபை என்பான், அவன் படிக்கவில்லை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். லிண்டா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் எல்லாம் சொல்லி முடித்தாகிவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் ஒருவன் வியர்வை சிந்தி இறக்கிய கோட்டை, எண்ணெய் தடவி இறக்கிய கோடு என்று அவன் மேனேஜரிடமே சாட்சி சொல்லிவிட்டு வந்தேன். சரியான மடச்சி நான்.

மறுநாள் அணியிலிருந்து ரமோனைக் கழற்றிவிட்டார்கள். ஏமாற்றினான் என்று யாரும் எழுத்தில் சொல்லவில்லை. வம்பு வேண்டாம் என்றார்களாம். சக்திவேல் போனில் அழுதான். அவன் அழுது நான் கேட்டது, அப்பா போனதற்குப் பிறகு இதுதான். "நாந்தான்க்கா. எண்ணெயில தொட்டு எடுத்தாந்தவன் நாந்தான். நீ என்ன பண்ணுவ?" என்றான். நான்தான் கழுத்து வேண்டாம் என்றேன், நான்தான் இறுக்கினேன், நான்தான் உளறினேன் என்று நான் சொல்ல, நீ சும்மா இரு என்று அவன் அதட்ட, பழியை இழுத்துக்கொள்ள இரண்டு பேரும் சண்டை போட்டோம். என் கணவர் தன் பங்குக்கு அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஒருநாள் ஆட்டம் இந்தக் கோட்டை ஒரு மயிரிழைகூட அசைக்காது, பார், என்று காட்டினார். பார்த்தேன். அசைந்த மாதிரியே தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அவை என்னுடைய நடைகள். அவன் பேரில் ஏறி, அவன் போட்ட மற்ற நடைகளோடு கலந்து, இனி யாரும் பிரித்து எடுக்க முடியாதபடி கிடக்கின்றன. நடைக்குச் சாக்கே கிடையாது என்றாரே இவர். இந்த மூன்றுக்கு உண்டு, அதை எங்கே போய் யாரிடம் சொல்ல?

ரமோன் கிளம்பிய காலை, பேஸ்மென்ட் படுக்கையை நான் விரித்ததைவிட நன்றாக விரித்துவைத்துவிட்டு மேலே வந்தான். வழிக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து முகம் பார்க்கத் தைரியம் இல்லை. சக்திவேல் அவனை வழியனுப்ப வேண்டும் என்று வீடியோவில் வந்திருந்தான். போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்துவைத்திருந்தேன். அங்கே பொழுது சாய்கிற நேரம், பின்னால் அந்தக் கிடா கத்துகிறது. ரமோன் பின்பையிலிருந்து நறுக்கிய கயிற்றை எடுத்தான். முடிச்சுகள் அப்படியே இருந்தன, கயிறு வேறொரு இடத்தில் துண்டாகியிருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்து, வலது மணிக்கட்டை நீட்டினான்.

"கட்டுங்கள், டோன்யா. இப்போது ரூல் இல்லை" என்றான்.

பிட்சர் இல்லையென்றால் ரூல் இல்லைதானே. குத்திக் காட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். குத்திக் காட்டியிருந்தால்கூட நான் திருப்பி ஒரு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். பழைய முடிச்சுகளே பாதிக் கயிற்றைத் தின்றிருந்தன. எப்படி இழுத்துப் பார்த்தாலும், அந்தப் பருத்த மணிக்கட்டைச் சுற்றி வந்த பிறகு ஒரு முடிச்சுக்கு மேல் நூல் காணவில்லை. போட்டேன். மீதி இரண்டுக்கும் நுனியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணீர் வந்து கயிறே தெரியவில்லை.

"போதும் வுடுக்கா" என்றான் சக்திவேல் போனுக்குள்ளிருந்து. அவன் வலது கையிலும் அதே கயிறு. "அந்த ரெண்டு முடிச்சுக்கு நீ எத்தினி நாளைக்கு அழுவ? ஒண்ணு நிக்கும், வுடு."

எந்த இரண்டு முடிச்சைச் சொல்கிறான் என்று அவனிடம் கேட்கவில்லை. ரமோனுக்கு எதுவும் புரிந்திருக்காது, ஆனாலும் போனைப் பார்த்து, "கிராசியாஸ், சக்தி" என்று கையைத் தூக்கிக் காட்டினான். அங்கே சக்திவேலும் கையைத் தூக்கினான். என் கணவர் காரை எடுத்தார். நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

அன்று மதியம் சட்னிக்குத் தேங்காய் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். மற்ற பொட்டலங்கள் தீர்ந்துவிட்டிருந்தன. ரப்பர்பேண்டு சுற்றிய அது மட்டும் இருந்தது. இந்தக் கோடை முழுவதும் உருகி உருகி உறைந்ததில், நடுவே ஒரு தோள் அளவுக்குக் குழிந்து, அந்த வளைவோடே கல்லாகியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். இத்தனை தடவை உருகியது இனி சமையலுக்கு ஆகாது, தோளுக்கும் ஆள் இல்லை. தூக்கிப் போட மனம் வரவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினேன்.